காருக்கு வாட்டர் பேப்பர் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு ஷீட்டின் விலை டீ, வடைக்கு ஆகும் காசுதான். ஆனால் அது தேய்த்து எடுத்த கிளியர் கோட் (கலருக்கு மேல் அடித்திருக்கும் நிறமில்லாத படலம்) திரும்ப வேண்டுமென்றால், அந்தப் பேனல் முழுக்க பெயிண்ட் அடித்தாக வேண்டும். கம்பெனி பெயிண்டில் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிமன். நம் ஊர் வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய படலம்தான்.

அதனால், எடுத்த எடுப்பில் பேப்பரைக் கையில் எடுப்பதே முதல் தவறு. போர் தண்ணீரின் உப்புக் கறை, துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த வட்டக் கீறல் எல்லாம் பெரும்பாலும் கம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையிலேயே போய்விடும். கீறலின் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் நன்றாகச் சிக்கினால், அது கிளியர் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கலாம். தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். ரீபெயிண்ட் செய்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, ஒட்டிய தூசி, வழிந்த பெயிண்ட்: வாட்டர் பேப்பருக்கு உண்மையான வேலை இங்கேதான். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காரைத் தொடவே தொடாதீர்கள்.

நம்பர் குறையக் குறைய பேப்பர் சொரசொரப்பாக இருக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று 800, 1000 நம்பரில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. அந்தக் கோடுகளை எடுக்கவே மீதிக் கிளியர் கோட் செலவாகிவிடும். முதலில் 2000 போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் 1500. எதில் ஆரம்பித்தாலும் 3000-ல் கொண்டுபோய் முடியுங்கள். பேப்பர் கால் மணி நேரமாவது தண்ணீரில் ஊறட்டும். தண்ணீரில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு விட்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு போகும். தரையில் விழுந்த பேப்பரைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் ஒரே ஒரு மணல் போதும், ஆழமாகக் கோடு போட்டுவிடும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் விளிம்பு. பெயிண்ட் அடிக்கும்போதே கூரான இடத்தில் அது நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிவிடும். பேப்பரின் அழுத்தமோ முழுக்க அந்தக் கூரில்தான் விழும். என் பழைய சாம்பல் நிறக் காரின் பானெட்டில் நீளவாக்கில் ஓடும் மடிப்புக்கோடு ஒன்று உண்டு. டேப் ஒட்டாமல் அதன் மேலேயே தேய்த்துக்கொண்டு போனேன். வடிந்த தண்ணீர் பால் போல வெள்ளையாக இருந்தது. திடீரென்று ஸ்பாஞ்சில் லேசான சாம்பல் நிறம். உடனே கையை எடுத்தேன். அதற்குள் மடிப்பில் நூலளவுக்குக் கிளியர் கோட் போய், கலர் வெளியே தெரிந்துவிட்டது.

வெள்ளைப் பால் என்றால் கிளியர் கோட். கலர் வந்தால் அதன் அடியில் இருக்கும் கலர் படலமான பேஸ் கோட். கிளியர் கோட் இல்லாத பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்டில் முதல் இழுப்பிலேயே கலர் வரும், அங்கே இந்த அடையாளம் உதவாது. மடிப்பு, விளிம்பு எல்லாவற்றிலும் விரலகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பேப்பரை வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். ரப்பர் பிளாக்கில் சுற்றி, ஒரே திசையில், நேர்கோட்டில் இழுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீரை வழித்துவிட்டு உலர்த்திப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே பளபளக்கும், எதுவும் தெரியாது. காய்ந்ததும் தேய்த்த இடம் மங்கலாகவும், பேப்பர் படாத பள்ளங்கள் மினுக்கும் புள்ளிகளாகவும் தெரியும். கடைசிப் புள்ளி மறையும்வரை தேய்க்கும் பிடிவாதம் வேண்டாம். நாலைந்து புள்ளி நின்றாலும் பாலிஷுக்குப் பிறகு யார் கண்ணுக்கும் படாது.

மைக்ரான் மீட்டர் பெரிய எண் காட்டுகிறதே என்று துணிந்துவிடாதீர்கள். அது காட்டுவது மொத்தத் தடிமன். கீழே பள்ளம் நிரப்பிய பட்டி இருந்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். இரும்புத் தகட்டில் அளக்கும் சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது. புதிதாக அடித்த பெயிண்ட் என்றால் எத்தனை நாள் காய வேண்டும் என்று அடித்தவரிடமே கேளுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தால், அது மேலும் காய்ந்து சுருங்கும்போது மறைந்த கோடுகள் திரும்பத் தெரியும்.

பேப்பர் வேலை முடிந்ததும் டேப்பைப் பிய்த்துவிட்டு பஃபிங் மெஷினை ஓட்டுவதும் ஆபத்து. மெஷினின் சூட்டிலும் முதலில் போவது விளிம்புதான். கம்பவுண்ட் முடியும்வரை டேப் இருக்கட்டும். கடைசி விரலகலத்தைத் துணியில் பாலிஷ் தொட்டுக் கையாலேயே முடியுங்கள்.