அழிப்புக் கவிதை: அறிவிப்புக்குள் ஒளிந்திருக்கும் ‘நான்’

சொந்தமாக ஒரு சொல்லும் எழுதக் கூடாது. கையில் இருக்கும் உரையில் வேண்டாததை அழித்து, மிஞ்சுவதைக் கவிதையாக நிறுத்த வேண்டும். அமெரிக்கக் கவிஞர் ரொனால்ட் ஜான்சன் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை இப்படி அழித்து, 1977இல் ‘ரேடி ஆஸ்’ என்று வெளியிட்டார். அந்தத் தலைப்பே மூலத் தலைப்பின் எழுத்துகளை அழித்துக் கிடைத்ததுதான். நமக்கும் இது புதிதல்ல. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை மறைத்துவைக்கும் ‘கரந்துறை செய்யுள்’, எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் நம் சித்திரகவி வகைகளில் ஒன்று.

முதலில் உரையைத் தேர்ந்தெடுங்கள். கவிதையை எடுக்காதீர்கள். அழகான வரியை அழித்தால் மிஞ்சுவதும் அழகாகத்தான் இருக்கும். அதில் உங்கள் பங்கு குறைவு. வறண்ட அறிவிப்பே நல்லது. நான் எடுத்தது இது:

“காலை முதல் மாலை நான்கு மணி வரை குடிநீர் வராது. பொதுமக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.”

அதை ஜெராக்ஸ் எடுத்து, தங்கவேண்டிய சொற்களைப் பென்சிலால் கட்டமிடுங்கள். மார்க்கர் கடைசியில்தான். செய்தித்தாளில் நேரடியாக மார்க்கர் வைத்தால் மை ஊறிப் பக்கத்துச் சொல்லையும் தின்றுவிடும். கணினியில் செய்வதை நான் ஏற்கமாட்டேன். அழித்ததை ஒரு நொடியில் மீட்க முடிந்தால் கை துணிந்து முடிவெடுக்காது.

அடுத்து, ஆட்பெயர்களை அழியுங்கள். அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் போனதும் செய்தி விலகி, யாரோ ஒருவர் பேசத் தொடங்குவதைக் கவனிப்பீர்கள்.

நான் பல நாள் சிக்கிக்கொண்டது இதற்கு அடுத்த படியில். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் அழித்தால் போதும். தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டியே வரும். ‘வீட்டைப் பூட்டினார்’ என்பதில் பூட்டினாரை அழித்தால், ‘வீட்டைப்’ என்று ஓர் ஒற்று அநாதையாக நிற்கும். முழுச் சொல்லாகவே அழிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தவரை எனக்கு ஒரு வரியும் தேறவில்லை. சொல்லுக்குள்ளேயே வெட்டலாம், ஆனால் எதையும் சேர்க்கக் கூடாது என்று விதியை மாற்றிய அன்றே வழி திறந்தது. புள்ளியை அழித்து ‘க்’கைக் ‘க’ ஆக்குவதும் ஓர் அகர ஒலியைச் சேர்ப்பதுதான், அது வேண்டாம். ‘பொறுத்துக்கொள்ள’ இப்போது ‘பொறுத்து’ ஆகிறது. ‘குடிநீர்’ ‘நீர்’ ஆகிறது. ‘நான்கு’ என்ற எண்ணுக்குள்ளிருந்து ‘நான்’ எழுந்து வருகிறது.

காலை
மாலை
நான்
நீர் வராது
பொறுத்து

‘நீர்’ இங்கே தண்ணீர் மட்டுமல்ல, ‘நீங்கள்’ என்பதும்தான். ‘வராது’ என்பதும் எச்சமாகி, ‘நீர் வராமல்’ என்று ஒலிக்கிறது. முற்றுவினையே இல்லை, காத்திருப்பும் முடியவில்லை.

உணர்ச்சியைவிட, எழுதும் முறையையும் அதன் யோசனையையும் முன்வைக்கும் கருத்தாக்கக் கவிதை, தன்னுணர்ச்சிப் பாட்டின் ‘நான்’ஐ ஒழிக்க வந்தது என்று சொல்வார்கள். அந்த வகையைச் சேர்ந்த அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோல்ட்ஸ்மித் 2000 செப்டம்பர் 1 தேதியிட்ட நியூயார்க் டைம்ஸ் இதழை அப்படியே தட்டச்சு செய்து, 2003இல் நூலாக்கினார். அந்தத் துணிவை மதிக்கிறேன், ஆனால் என் மனம் நிற்பது கனடாக் கவிஞர் எம். நூர்பேசே பிலிப்பிடம். அடிமைக் கப்பலிலிருந்து மனிதர்களைக் கடலில் எறிந்துவிட்டுக் காப்பீடு கேட்ட 1783ஆம் ஆண்டு வழக்கின் அறிக்கையை மட்டுமே மூலமாக வைத்து, சொற்களை எழுத்தெழுத்தாக உடைத்து, 2008இல் ‘ஸாங்!’ நூலைத் தந்தார். அந்தச் சட்டமொழி மறைத்த ஓலம் உடைந்த எழுத்துகளின் இடைவெளியில் கேட்கிறது. பாட்டு ஒழியவில்லை; ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்தது.

பின்சேர்க்கை: துணைக்காலை அழிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அச்சில் அது தனிக்குறி என்பதால் அழிக்கலாம். முயன்று பார்த்தேன்: ‘மாலை’ ‘மலை’ ஆயிற்று. மாலை முல்லைக்குரிய பொழுது, இருத்தல், அதாவது பிரிந்தவருக்காகக் காத்திருத்தல், அதன் உரிப்பொருள். மலையோ குறிஞ்சி நிலம். ஒரு குறியை நீக்கியதில் திணையே மாறிவிட்டது. என் கவிதையில் இருப்பது காத்திருப்பவரின் குரல், அதனால் துணைக்காலைத் திரும்ப வைத்துவிட்டேன்.