கரண்ட் பில்லைக் குறைக்கிறோம்னு நாம பண்ற தப்புங்க

கடலூர்ல வீட்டுக் கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் ரீடிங் எடுக்குறாங்க, அதுல 500 யூனிட்ங்கிற கோட்டத் தாண்டுனா என்ன ஆகும்னு நெறைய பேர் கணக்குப் போட்டுப் பாக்குறதே இல்ல. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை வெச்சே சொல்றேன், 2024 ஜூலைல இன்னும் கொஞ்சம் ஏறிடுச்சு, ஆனா கணக்குப் போடுற முறை அதேதான். மொத 100 யூனிட் ஃப்ரீ. மொத்தம் 500-க்குள்ள நின்னுட்டா 101-லேர்ந்து 200 வரைக்கும் யூனிட் 2.25 ரூபா, 400 வரைக்கும் 4.50, 500 வரைக்கும் 6 ரூபா, கூட்டுனா 1725 வரும். அதுவே 501 ஆயிடுச்சுன்னா அந்த 2.25 சலுக மொத்தமா போயிடும், 101-லேர்ந்து 400 வரைக்கும் 4.50 போட்டுடுவாங்க, 500 வரைக்கும் அதே 6 ரூபா, 500-க்கு மேல இருக்க ஒரு யூனிட்டுக்கு 8 ரூபா, ஆக பில்லு 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா குடுக்குறோம், அந்த யூனிட்டு யாரோ ரெண்டு நாள் மோட்டாரை மறந்து விட்டதுல வந்ததா இருக்கும்.

அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் மொத தப்பு ஏசியும் இல்ல ஃபேனும் இல்ல, ரீடிங் எடுக்க ஆள் வர்ற வரைக்கும் மீட்டர் பக்கமே போகாம இருக்கறதுதான். போன தடவ ரீடிங் என்னன்னு பில்லுல இருக்கும், மீட்டர்ல இன்னைக்கு என்ன ஓடுதுன்னு பாத்து கழிச்சுக்கோங்க. ஒரு மாசம் முடியறப்ப 250-ஐத் தாண்டி இருந்தா மிச்சம் இருக்க ஒரு மாசம் கொஞ்சம் புடிச்சு ஓட்டணும்னு அப்பவே தெரிஞ்சிடும். பாண்டில இருக்கவங்களுக்கு மாசாமாசம் பில்லு, 100, 200, 300-னு படி ஏற ஏற ரேட்டும் ஏறும், அவங்க பத்து நாளைக்கு ஒரு தடவ பாத்தா சரியா இருக்கும்.

மீட்டர்ல இன்னொரு விஷயம் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. சின்னதா ஒரு சிவப்பு லைட்டு சிமிட்டிக்கிட்டே இருக்கும் பாருங்க, மீட்டர் மேலயே 3200 இம்ப்னு போட்டிருக்கும், சில மீட்டர்ல வேற நம்பர் இருக்கும். 3200 தடவ சிமிட்டுனா ஒரு யூனிட்னு அர்த்தம். வீட்ல எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் ஃபுல் ஸ்பீடுல போட்டுட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவுல எத்தன செகண்டுன்னு போன்ல பாருங்க. 3200 மீட்டரா இருந்தா 1125-ஐ அந்த செகண்டால வகுத்தா வர்றதுதான் வாட்ஸ். 15 செகண்டுன்னா 75 வாட்ஸ். இதே மாதிரி வீட்ல இருக்க ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா போட்டுப் பாத்துடலாம், எந்தக் கருவியும் காசு குடுத்து வாங்க வேணாம், எது தின்னுதுன்னு உங்க மீட்டரே சொல்லிடும்.

அப்படிப் பாக்காததாலதான் ரெண்டாவது தப்பு வருது, சின்னதத் துரத்திக்கிட்டு பெருசைக் கோட்ட விடுறது. சார்ஜர் பிளக்குல தொங்குதுன்னு பசங்கள அந்தத் திட்டு திட்டுவோம், போன் மாட்டாத சார்ஜர் இழுக்குறது ஒரு வாட்ஸ்கூட வராது. எல்ஈடி பல்பு 9 வாட்ஸ், ராத்திரி பூரா எரிஞ்சாலும் யூனிட்ல பத்துல ஒரு பங்குதான். மிக்சியில 750 வாட்ஸ்னு போட்டிருக்கேன்னு பயந்து அம்மாங்க சட்னிய ரெண்டு வேளைக்கும் சேத்து அரைச்சு வெக்கிறாங்க, அது ஓடுறதே அஞ்சு நிமிஷம். வாட்ஸை மட்டும் பாக்கக் கூடாது, எத்தன மணி நேரம் ஓடுதுன்னு சேத்துப் பாக்கணும். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட், இது ஒண்ணு மனசுல இருந்தா போதும்.

இப்போ ஃபேனுக்கு வாங்க. நம்ம ஊரு புழுக்கத்துல ஃபேன் இல்லாம ஒரு நிமிஷம் உக்கார முடியாது, ஹால்ல ஓடுற ஃபேன் காலைல காப்பி போடுறதுலேர்ந்து ராத்திரி சீரியல் முடியற வரைக்கும் ஓடும், பெட்ரூம்ல மிச்ச நேரம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், ஒரு நாளைக்கு 20 மணி நேரம்னு வெச்சா ஒன்றரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட், ஒரே ஒரு ஃபேனுக்கு! கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வெச்சு பிஎல்டிசி ஃபேன்னு வருதே அது 30 வாட்ஸ் சுத்தி இழுக்கும், அதே நேரம் ஓடுனா 36 யூனிட்தான் ஆகும். 54 யூனிட் மிச்சம். எல்லா ஃபேனையும் ஒரே நாள்ல மாத்தணும்னு நெனச்சு பட்ஜெட் பாத்துட்டு ஒண்ணுமே மாத்தாம விட்டுடுறதும் ஒரு தப்புதான், எது அதிக நேரம் ஓடுதோ அந்த ஒண்ண மட்டும் மொதல்ல மாத்துங்க. 2023 ஜனவரிலேர்ந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம் ஆக்கிட்டாங்க, கடையில அதப் பாத்துக் கேட்டு வாங்குங்க. பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டர் தனியா வேணாம், ரிமோட்லயே ஸ்பீடு மாத்திக்கலாம். இன்னும் அந்தப் பெரிய டப்பா மாதிரி பழைய ரெகுலேட்டர் வெச்சிருக்கீங்கன்னா ஸ்பீட கொறச்சுட்டு அதுமேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருக்கும், மிச்சம் புடிச்சதா நெனச்ச கரண்ட்ல ஒரு பங்கு அந்தச் சூடாத்தான் போகுது.

ஏசி விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு தெரிஞ்சதுதான், வெயில்லேர்ந்து வந்ததும் 18-ல வெச்சா சீக்கிரம் ஜில்லுன்னு ஆயிடும்னு ஒரு நெனப்பு. 18-ல வெச்சாலும் 24-ல வெச்சாலும் ரூம் மொதல்ல 24-க்கு வர்றதுக்கு ஏறக்கொறைய அதே நேரம்தான் ஆகும், 18-ல வெச்சா அதுக்கப்புறமும் நிக்காம ஓடும், அவ்ளோதான். ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது, 2020 ஜனவரிலேர்ந்து புது ஏசியெல்லாம் ஆன் பண்ணா 24-லதான் வரணும்னு ரூல் போட்டதும் அதனாலதான். 26-ல வெச்சு ஃபேனையும் மெதுவா விட்டுப் பாருங்க, ரெண்டு மூணு நாள்ல ஒடம்பு பழகிடும்.

ஆனா நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு பிரச்சன இருக்கு, அத யாரும் எழுதுறதில்ல, உப்புக் காத்து. கடலூர்ல தேவனாம்பட்டினம் பக்கம், பாண்டில பீச் ரோட்டை ஒட்டி இருக்கவங்க, ஒரு தடவ மாடிக்குப் போய் ஏசியோட அவுட்டோர் யூனிட்டோட பின்பக்கத்தப் பாருங்க. அந்த மெல்லிசான அலுமினியத் தகடுங்க மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி படிஞ்சிருக்கும், விரல் வெச்சுத் தேச்சா பொடியா உதிரும், சில எடத்துல தகடே கரைஞ்சு போயிருக்கும். அந்த வழியாத்தான் ரூம்ல இருக்க சூடு வெளிய போகணும், அது அடைச்சுக்கிட்டா கம்ப்ரசர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், ரூமும் ஜில்லுன்னு ஆகாது, நாம என்ன பண்ணுவோம், இன்னும் ரெண்டு டிகிரி கொறைப்போம். உள்ள இருக்க ஃபில்டரை மட்டும் கழுவிட்டு சர்வீஸ் ஆச்சுன்னு விட்டுடக் கூடாது. மெயின்ல அணைச்சிட்டு, உப்புத் தண்ணி இல்லாம நல்ல தண்ணியா, ஹோஸ்ல மெதுவா விட்டு அந்தத் தகடுங்கள அலசுங்க, கார் கழுவுற பிரஷர் மெஷின் வெச்சு அடிச்சா தகடு மடங்கி இன்னும் மோசம் ஆயிடும். கடலுக்குக் கிட்ட இருக்கவங்க வெயில் காலத்துல மாசம் ஒரு தடவ இதப் பண்ணாக்கூட தப்பில்ல.

அதே கடல்தான் நமக்கு ஃப்ரீயா ஏசியும் போடுது. கோடைல பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல கெழக்கேர்ந்து கடக்காத்து உள்ள வந்துடும், அந்த நேரத்துல ஜன்னல மூடி ஸ்க்ரீன் போட்டுட்டு ஏசில உக்காந்திருக்கறத நெனச்சா எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும். கெழக்குப் பக்க ஜன்னலயும் எதிர்ப்பக்கம் ஒரு கதவையும் தொறந்து விட்டா வீடு மொத்தமும் ஆறிடும். மாடி வீடா இருந்தா தளம் வாங்குன சூடு ராத்திரி பூரா எறங்கிக்கிட்டே இருக்கும், மேல சுண்ணாம்போ வெள்ள பெயின்ட்டோ அடிக்காம கீழ எத்தன டன் ஏசி வெச்சாலும் பில்லுதான் ஏறும்.

ஃப்ரிட்ஜ் ஒரு நாள்கூட லீவு போடாத சாமான். செவுத்தோட ஒட்டி வெக்கிறது, அடுப்புக்குப் பக்கத்துல வெக்கிறது, சாம்பாரை ஆற விடாம அப்படியே தூக்கி உள்ள வெக்கிறது இதெல்லாம் தெரிஞ்சேதான் பண்றோம். ஒரு பத்து ரூபா நோட்டைக் கதவுல வெச்சு மூடிட்டு இழுத்துப் பாருங்க, சுலபமா வந்துட்டா ரப்பர் போச்சு, அத மட்டும் மாத்திக்கலாம். ஃப்ரீசர்ல ஐஸ் கெட்டியா ஏறவும் விடாதீங்க. புதுசு வாங்குனதும் பழைய ஃப்ரிட்ஜைத் தண்ணி பாட்டில் வெக்க மட்டும்னு ஹால்ல ஓட விடுறவங்க, அந்த ஜில் தண்ணிக்கு ரெண்டு மாசத்துல எத்தன யூனிட் போகுதுன்னு மீட்டர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மோட்டார்தான் கணக்குலயே வராத ஆளு. 1 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனா சுமாரா ஒரு யூனிட். டேங்க் ரொம்பி வழிஞ்சு பக்கத்து வீட்டக்கா "மோட்டாரை நிறுத்துங்க"ன்னு கொரல் குடுக்குற வரைக்கும் ஓடுறது ஒரு பக்கம், அத விட மோசம், முன்ன மாதிரி இல்லாம டேங்க் ரொம்புறதுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகுறத நாம கவனிக்காம இருக்கறது. தண்ணி உறிஞ்சுற பைப்போட அடியில இருக்க ஃபுட் வால்வு லீக்கா இருக்கலாம், பைப்புல காத்து ஏறியிருக்கலாம், கெணறோ போரோ எறங்கியிருக்கலாம். எத்தன நிமிஷத்துல ரொம்புதுன்னு செவுத்துல எழுதி வெச்சுக்கோங்க, அது கூடுனா ப்ளம்பரைக் கூப்பிடுங்க. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் லீக்கும் கரண்ட் பில்லுதான். அந்த டேங்க்ல கொஞ்சம் மஞ்சத்தூளக் கரைச்சு ஊத்திட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம விட்டுப் பாருங்க, கோப்பைல மஞ்சளா எறங்குனா ராப்பகலா தண்ணி போயிட்டிருக்கு, அந்தத் தண்ணிய மேல ஏத்துனது உங்க மோட்டார்.

ஹீட்டர் மார்கழி, தை ரெண்டு மாசந்தான், 15 லிட்டருக்குக் கால் மணி நேரம் போதும், எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா குளிச்சிட்டா மறுபடி மறுபடி காய வேண்டியதில்ல. அயர்ன் பாக்ஸ் தெனமும் ஒரு சட்டைக்குச் சூடேத்தாம வாரத்துக்குச் சேத்துத் தேச்சுக்கோங்க. டிவிய ரிமோட்ல அணைச்சாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிட்டேதான் இருக்கும், 10 வாட்ஸ்னு வெச்சாலே ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட், படுக்கப் போறப்ப சுவிட்சையே அணைச்சிடுங்க.

தானே புயலுக்கு அப்புறம் இங்க நெறைய வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்துடுச்சு, அது வேணும், வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா பேட்டரி வயசாகி, தொட்டா எப்பவும் சூடாவே இருந்தா, அது ஏத்துன சார்ஜைப் புடிச்சு வெக்க முடியாம ராப்பகலா கரண்ட் இழுத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்க, அப்பவும் சூடு கொறையலன்னா மாத்திடுங்க.

பிளக்குல சொருகுனா பாதி பில்லு கொறையும்னு ஒரு சின்ன பெட்டிய ஆன்லைன்லயும் பொருட்காட்சிலயும் விக்கிறாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க. உள்ள இருக்கறது ஒரு கண்டென்சரும் ஒரு லைட்டும்தான். வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும்தான் எண்ணுது, அந்தப் பெட்டியால யூனிட் கொறையாது, அதுல எரியுற லைட்டுக்கும் சேத்து நாமதான் கட்டணும்.

கடைசியா ஒண்ணு, எல்லாம் பாத்தும் பில்லு எறங்கலன்னா ஒரு நாள் வீட்ல ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் உட்பட ஒண்ணு விடாம அணைச்சிட்டு மெயினை மட்டும் ஆன்ல வெச்சு அந்தச் சிவப்பு லைட்டைப் பாருங்க. அப்பவும் சிமிட்டுச்சுன்னா எங்கயோ கரண்ட் கசியுது, இல்ல மாடிப்படி லைட்டோ பக்கத்து போர்ஷன் லைனோ உங்க மீட்டர்ல சேந்திருக்கு, வாடகை வீட்ல இருக்கவங்க இத அவசியம் பாக்கணும். கசிவுன்னா அது பில்லோட நிக்கிற விஷயம் இல்ல, ஈர செவுத்துல கை வெச்சா ஆளையே அடிக்கும், அதனால அன்னைக்கே லைசென்ஸ் இருக்க எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு ஒவ்வொரு லைனா கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, மீட்டர் சீல்ல மட்டும் யாரும் கை வெக்க வேணாம், அதுல சந்தேகம் இருந்தா ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லலாம்.