ஃப்ளஷ் டேங்கில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் தண்ணீர் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தோம். அப்புறம் வழக்கம்போல மணல்தான். இன்று நம் வீடுகளுக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனதும் அந்தத் தண்ணீர்தான். ஐம்பது வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

அவ்வளவு பாடுபட்டு வருகிற தண்ணீரைத்தான் கழிவறையில் பத்துப் பத்து லிட்டராக இறக்குகிறோம். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை, பழைய 10 லிட்டர் டேங்க் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 200 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது.

இதைக் குறைக்க வேண்டும் என்று நினைக்காத வீடு வேலூரில் இருக்காது. ஆனால் குறைக்கிற வழியில்தான் பலரும் தவறிவிடுகிறோம். நான் பார்த்தவரை இரண்டே விஷயங்கள்தான் முக்கியம். ஒரே தடவையில் எல்லாம் போய்விட வேண்டும். போன பிறகு தண்ணீர் நின்றுவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் மிச்சம் என்று எதுவும் கிடையாது.

செங்கல் போடுவது

டேங்குக்குள் ஒரு செங்கல் போட்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் மிச்சம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சத்துவாச்சாரியில் குடியிருந்தபோது நானும் அரைச் செங்கல் ஒன்றைப் போட்டேன். நாலைந்து மாதத்தில் டேங்க் நிறைந்த பிறகும் கழிவறைக் கோப்பையின் பின்பக்கம் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. வேறு வேலைக்காக வந்த பிளம்பர்தான் டார்ச் அடித்துக் காட்டினார். "இன்னா சார், தண்ணி பாட்டுக்கு ஓடிக்கினு கீது, பாக்கலியா?"

மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்து, அடி வாஷரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ரப்பரின் விளிம்பு முழுக்கச் செங்கல் தூள். அதற்கு மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக உப்பு. விரலால் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருந்தது. செங்கல் தண்ணீரில் ஊறிக் கரையும், உதிரும். அந்தத் துகள் வாஷருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் வால்வு முழுசாக மூடாது. அரை லிட்டர் மிச்சம் பிடிக்கப் போய், ராத்திரி பகலாகத் தண்ணீரை விட்டிருக்கிறேன்.

பழைய 10 லிட்டர் டேங்க் என்றால் செங்கலுக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடியை இறுக்கி, மிதவையில் இடிக்காத மூலையில் நிறுத்துங்கள். அதன் பிறகு ஒரு வாரம் கவனியுங்கள். ஒரே தடவையில் சுத்தமாகப் போகிறதா? போனால் சரி. இரண்டாவது தடவை அழுத்த வேண்டி வந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். பத்து லிட்டரில் முடிகிற வேலைக்கு ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு லிட்டர் செலவழிப்பதில் பயன் இல்லை.

சத்தம் வரவில்லை என்றால் ஒழுகவில்லை என்று நம்புவது

எல்லாத் தவறிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். சொட்டுகிற குழாயை உடனே இறுக்குகிறோம். டேங்கிலிருந்து கோப்பைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீரைக் கண்ணும் பார்ப்பதில்லை, காதும் கேட்பதில்லை. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். பாத்திரத்திலும் ஹீட்டரிலும் படிகிற அதே வெள்ளைப் படிவம் வாஷரிலும் படியும்.

கண்டுபிடிப்பது சுலபம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டு டேங்கில் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கோப்பையில் நிற்கும் தண்ணீர் நீலமானால் வாஷர் ஒழுகுகிறது.

எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிய வேண்டுமா? டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள டேங்கில் ஒரு செ.மீ. இறங்கினால் 600 மில்லி. எங்கள் டேங்கில் எட்டு செ.மீ. இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 60 லிட்டர். மோட்டார் ஏன் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தோம். விடை இதற்குள் இருந்தது.

வாஷரைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் சில சமயம் சரியாகிவிடும். ரப்பர் இறுகிப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அளவுக்கு அளவு வேறுபடும். டேங்குக்குள் போடுகிற குளோரின் கட்டிகளையும் நிறுத்திவிடுங்கள். அவை ரப்பரைச் சீக்கிரம் அரித்துவிடும்.

இன்னொன்று, மிதவையை உயரமாக வைத்திருந்தால் தண்ணீர், டேங்கின் நடுவில் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிந்து போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குழாயின் வாய்க்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேயே தண்ணீர் நிற்கும்படி மிதவையைத் திருகிவிடுங்கள்.

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவது

புது டேங்குகளில் சின்ன பட்டனுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர், பெரியதற்கு ஆறு. இதை வீட்டில் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. குழந்தைகள் உள்ளங்கையால் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள், விருந்தாளிகளும் அப்படித்தான். சிறுநீருக்குச் சின்னது போதும் என்று ஒரு தடவை சொன்னாலே ஐந்தில் நாலு தடவை பாதித் தண்ணீர் மிச்சம்.

ஆனால் கோப்பையை மாற்றாமல் டேங்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பழைய கோப்பை பத்து லிட்டர் வேகத்துக்காகச் செய்தது. ஆறு லிட்டர் அதில் சுற்றி நிற்கும், தள்ளாது. வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

இந்தியன் டாய்லெட்டில் மக்கு மக்காக ஊற்றுவது

சொம்பிலும் மக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் சிக்கனம் என்று நினைக்கிறோம். எட்டு மக்கு ஊற்றியும் போகாது. அதையே சின்ன பக்கெட்டில் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள், வேகம்தான் தள்ளுகிறது. கிராமத்து இரட்டைக் குழி கழிப்பறைகளுக்கென்றே சரிவு அதிகமான பேசின் இருக்கிறது. அதன் டிராப்பில், அதாவது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கும் வளைவில், 20 மி.மீ. தண்ணீர்தான் நிற்கும், ஒன்றரை இரண்டு லிட்டரில் போய்விடும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் போன்ற ஊர்ப் பக்கம் புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்கள் கடையில் இதைக் கேட்டு வாங்கலாம். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் இடைவெளியும் இதனால் கூடும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே ஊற்றாமல் விடுவது மட்டும் வேண்டாம். மஞ்சள் படிவம் ஏறும், நாற்றம் வரும், பிறகு ஆசிட் தேடுவோம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் விஷ வாயு வரும். ஒருபோதும் கூடாது.

மறுதண்ணீர்

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர், வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீர், இரண்டையும் பக்கெட்டில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள். டேங்குக்குள் ஊற்றாதீர்கள், வால்வு கெடும். சோப்புத் தண்ணீரை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் வைத்தால் நாறும். எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறைத் தண்ணீர் குழாயை அடைக்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது டேங்கின் ஆங்கிள் வால்வை மூடிவிட்டுப் போங்கள். மிதவை நடுவில் கெட்டால் திரும்பி வரும்போது சின்டெக்ஸ் காலியாக இருக்கும். உப்புத் தண்ணீரில் அந்த வால்வு இறுகிக்கொள்ளும் என்பதால் மாதம் ஒரு தடவையாவது மூடித் திறந்து வையுங்கள். பலம் கொண்டு திருகாமல், மெதுவாக.