பரணில் வைத்த ஷூ: மலையேற்றச் சாமான்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலை ஏறும்போது, ஜூடா கா தாலாப் முகாமுக்கு அரை மணி நேரம் இருக்கையில், எங்கள் குழுவில் ஒரு தம்பியின் இடது ஷூவிலிருந்து சோல் கழன்று பனியில் விழுந்தது. "அண்ணா, இது புது ஷூ. ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வாங்கி, ஒரு முறை கொல்லிமலைக்குப் போட்டுவிட்டு, நன்றாகத் துடைத்து, பெட்டியில் போட்டு, சென்னை வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருந்தான்.

பல வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான். வருடத்துக்கு நாலைந்து முறை புதியவர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு முறையும் என்னுடைய பழைய தவறு ஒன்றை யாராவது திரும்பச் செய்கிறார்கள். புது ஷூவைப் பழக்கிக்கொள்ளுங்கள், ஜீன்ஸ் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ஷூவைப் பத்திரப்படுத்துவது

கழன்று விழுந்த அந்தச் சோலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடி ரப்பர் கடையில் வாங்கியபடியே இருந்தது, பற்கள்கூடத் தேயவில்லை. மலை ஷூவுக்கான இந்தப் பல் வைத்த ரப்பர் சோல் நம்பகமான கண்டுபிடிப்பு. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அதற்குப் பிறகு யோசித்து யோசித்து 1937-ல் கொண்டுவந்தது அது. அவர் பெயரைச் சுருக்கித்தான் 'விப்ரம்' என்று வைத்தார்கள். கெட்டுப்போனது ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கும் பகுதி. விரலால் அழுத்தியதும் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது.

அந்த நடு சோல் பாலியூரிதேன். கனமான மலை ஷூக்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஓட்டத்துக்கான ஷூக்களில் உள்ள ஈவிஏ நுரை எடை குறைவு, ஆனால் பாரம் சுமந்து நடந்தால் சீக்கிரம் தட்டையாகிவிடும். பாலியூரிதேன் அப்படி அமுங்காது. பதினைந்து கிலோ பையோடு நாள் முழுக்க நடந்தாலும் தாங்கும். அதனால்தான் கம்பெனிகள் அதைத் தேர்ந்தெடுத்தன, அந்தத் தேர்வில் தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே புகுந்து, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூட வேகமும் கூடும். கடலோர ஊரில், வெயில் இறங்கும் மாடிக்குக் கீழே, மூடிய அட்டைப்பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நடந்தால்தான் தேயும் என்று நாம் நினைக்கிறோம். இது சும்மா இருந்தாலே கெடும். போட்டு நடக்கும்போது உள்ளே தங்கிய ஈரம் அழுத்தத்தில் கொஞ்சம் வெளியேறும் என்பதால், அவ்வப்போது நடக்கும் ஷூ அதிக நாள் வரும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது, இதைக் கடையில் யாரும் சொல்லாததுதான். அன்றைக்கு என் ஷூவுக்கு மாதச் சம்பளத்தில் கால்வாசி கொடுத்தேன். விற்றவர் தண்ணீர் புகாது, வழுக்காது என்று அரை மணி நேரம் விளக்கினார். "மாதம் ஒரு தரம் போட்டு நடங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐந்து வருடம் கழித்துச் சோல் பிளந்ததும் கம்பெனிக்குக் கோபமாக எழுதினேன். உத்தரவாதம் இரண்டு வருடம், இது காலத்தால் வரும் இயல்பான சிதைவு, மாற்றித் தர முடியாது என்று நாலு வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்ன வேதியியல் சரி. ஆனால் அந்த நாலு வரியை வாங்கும்போதே பெட்டிக்குள் ஒரு சீட்டாக வைத்திருந்தால் அதுதான் வாடிக்கையாளர் சேவை என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, அந்தத் தம்பி கதைக்கு வருகிறேன். டேப் ஒட்டிப் பார்த்தோம், ஈரத்தில் நிற்கவில்லை. கடைசியில் சோலை அடியில் வைத்து, பனிக்கு மாட்டும் முள்சங்கிலியின் ரப்பர் வளையத்தை மேலே இழுத்து மாட்டினோம். முகாம் வரை அது பிடித்தது. மறுநாள் விடியற்காலையில் மற்றவர்கள் உச்சிக்குக் கிளம்ப, அவன் கூடாரத்திலேயே இருந்தான். இறங்கும் வழியில் வலது சோலும் போனது. ஒரே வயது ஷூ, ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும். டேராடூன் வரை டிக்கெட், கட்டணம், ஒரு வார லீவு எல்லாம் அந்த நடு சோலோடு போயிற்று.

கிளம்ப ஒரு மாதம் முன்பே ஷூவை வெளியே எடுங்கள். நடு சோலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, நகம் பட்டு மாவாக உதிர்ந்தாலோ அந்த ஷூ மலைக்கு வேண்டாம். கோந்து போட்டு ஒட்டுவதும், சுற்றித் தைப்பதும் வீண். தைத்த நூலே நொந்த நுரையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். வைக்கும்போது பெட்டியும் பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், காற்றாடும் இடத்தில் திறந்து வையுங்கள். அப்புறம், தள்ளுபடியில் வாங்குவதற்கு முன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் படியுங்கள். குடோனில் நாலு வருடம் கிடந்த ஷூவுக்கு உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் ஆயுள் குறைவு.

மழை ஜாக்கெட்டைத் துவைக்காமல் காப்பாற்றுவது

துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து வருடக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் ஒரு பிளாஸ்டிக் தண்டைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த சவ்வுதான் பல மழை ஜாக்கெட்டுகளில் இருக்கும் கோர்டெக்ஸ். மழைத்துளி நுழைய முடியாத, வியர்வை ஆவி மட்டும் வெளியேறும் நுண்துளைகள் அதில் உண்டு. அதற்கு மேலே இருக்கும் துணிக்குத் தண்ணீரை உருட்டித் தள்ளும் பூச்சு தனி. அழுக்கும் உடம்பு எண்ணெயும் படிந்தால் அந்தப் பூச்சு வேலை செய்யாது. துணி நனைந்து, ஆவி வெளியேற வழியில்லாமல், வியர்வை உள்ளேயே நீராகும். அதைப் பார்த்துவிட்டு "ஜாக்கெட் ஒழுகுது" என்று புகார் எழுதுகிறார்கள். கெடுதலான ஃப்ளோரின் சேர்மங்களை நீக்கிய புதுப் பூச்சுகள் எண்ணெய்க்கு இன்னும் சீக்கிரம் தோற்கும், அதனால் இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும். மென்மையாக்கி கலக்காத திரவ சோப்பு, நன்றாக அலசல், காய்ந்த பின் உள்லேபிள் அனுமதித்தால் மெல்லிய துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி. போதும்.

கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைப்பது

உள்பூச்சு பெரும்பாலும் அதே பாலியூரிதேன். பிசுபிசுத்து நாறும். காயவைத்துச் சுருட்டுங்கள்.

'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்குக் காசு கொடுப்பது

1912-ல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் எல்.எல்.பீன் என்பவர் விற்ற முதல் நூறு ஜோடி பூட்ஸில் தொண்ணூறு தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி பூட்ஸைத் திருத்தினார். அந்தப் பெயரில்தான் கம்பெனி வளர்ந்தது. ஆனால் பழைய சாமான் சந்தையில் பொறுக்கியதையெல்லாம் சிலர் கொண்டுவந்து பணம் கேட்க, 2018-ல் திருப்பித் தரும் காலத்தை ஒரு வருடமாக்கிவிட்டார்கள். ஆர்.இ.ஐ. என்ற இன்னொரு அமெரிக்க மலையேற்றச் சாமான் கடை 2013-லேயே அப்படிச் செய்தது. யாருடைய வாழ்நாள், எது சேரும், பழுதுபார்க்கும் இடம் நம் நாட்டில் உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த முதுகுப்பைக்கு இங்கே இருக்கும் விநியோகஸ்தர் பொறுப்பேற்காமல் போகலாம்.

கோபத்தில் மெயில் எழுதுவது

ஷூவுக்கு எழுதிய மெயிலில் என் ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. சில வருடம் கழித்து, வேறொரு கம்பெனிப் பையின் இடுப்பு பக்கிள் உடைந்தபோது மூன்று படம் அனுப்பினேன்: உடைந்த இடம், உள்ளே தைத்திருந்த மாடல் எண் லேபிள், பில். கூடவே இரண்டு வரி. ஒன்பதாவது நாள் கூரியரில் இரண்டு பக்கிள் வந்தன, ஒன்று உபரியாக.

பழுதுபார்க்க அழுக்கோடு அனுப்புவது

திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பில்லைப் பெட்டியிலேயே விடுவது

கடை பில் சூட்டில் அச்சாகும் தாள். ஒரு கோடை போனால் வெறும் வெள்ளைக் காகிதம். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.