கிறிஸ்துமஸுக்கு கிளேஸ்டு ஹாம்: முதல் தடவை செய்யறவங்களுக்கு

நாங்க அமெரிக்காவுல ஒஹாயோவுக்கு வந்ததுல இருந்து ஒவ்வொரு டிசம்பரும் யாராவது ஒருத்தர் போன் பண்ணிடுவாங்க, "அவ்ளோ பெரிய கறிய எப்படிக்கா வேக வைக்கறீங்க, உள்ள வெந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும், பயமா இருக்கே"ன்னு. எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான், இங்க சூப்பர்மார்க்கெட்ல வாங்கற ஹாம் பெரும்பாலும் ஏற்கனவே வெந்தது. பன்னித் தொடைய உப்புத்தண்ணில ஊற வச்சு, புகை போட்டு, முழுசா வேக வச்சுத்தான் பாக்கெட் பண்றாங்க. நமக்கு மிச்சம் இருக்கிற வேலை ரெண்டே ரெண்டு. காஞ்சு போகாம சூடு பண்ணணும், கடைசில மேல அந்த பளபளன்னு இனிப்பு பூச்சு, அதான் கிளேஸ், ஏத்தணும். இது மனசுல பதிஞ்சிடுச்சுன்னா கீழ சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

கடைல லேபிள நிதானமா படிங்க. "ஃபுல்லி குக்டு"ன்னு போட்டிருக்கணும். "குக் பிஃபோர் ஈட்டிங்"னு இருந்தா அது பச்சைக்கறி, உள்ள 145 டிகிரி ஃபாரன்ஹீட் வர்ற வரைக்கும் வேக வச்சு, எடுத்து 3 நிமிஷமாவது ஆற விட்டுத்தான் சாப்பிடணும். "கன்ட்ரி ஹாம்"னு துணிப்பையில தொங்குறத முதல் தடவைக்கு எடுக்காதீங்க, வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் உப்ப அப்படியே தேய்ச்சு மாசக்கணக்குல காய வைக்கிறது அது, நம்ம கருவாடு மாதிரி உப்பு தூக்கலா இருக்கும், ஊற வச்சு தண்ணி மாத்தி மாத்தி எடுக்கணும். அப்புறம் "வாட்டர் ஆடட்"னு இருந்தா தண்ணி ஏத்தினதுன்னு அர்த்தம், வெலை கம்மி, ஆனா சதை ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். வெறும் "ஹாம்"னு மட்டும் போட்டிருந்தா ரொம்ப நல்லது, அடுத்தபடியா "ஹாம் வித் நேச்சுரல் ஜூஸஸ்".

எலும்போட வாங்குங்க, ருசி அதுலதான். முழுத் தொடை நமக்கு வேண்டாம், பாதி போதும். அதுல ரெண்டு வகை, கீழ்ப்பாதி ஷேங்க், மேல்பாதி பட். பட்ல சதை ஜாஸ்தி, ஆனா இடுப்பெலும்பு கோணலா உள்ள கிடக்கும், வெட்டத் தெரியாதவங்க திண்டாடிடுவோம். ஷேங்க்ல எலும்பு நேரா போகும், அதனால முதல் தடவை அதத்தான் சொல்வேன். தலைக்கு அரை பவுண்டுல இருந்து முக்கால் பவுண்டு கணக்கு, 8 பவுண்டு வாங்கினா 10, 12 பேர் தாராளமா சாப்பிடலாம். ஸ்பைரல் கட்னு ஏற்கனவே சுத்தி சுத்தி ஸ்லைஸ் போட்டதும் கிடைக்கும், டெட்ராய்ட்ல ஹாரி ஹோன்செலார்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச மெஷின்ல வெட்டறது அது, 1957ல கடையே தொறந்துட்டாரு. பரிமாற ரொம்ப வசதி, ஆனா வெட்டின இடம் வழியா ஈரம் சீக்கிரம் போயிடும், கொஞ்சம் கவனிச்சுக்கணும்.

ஃப்ரோஸன்னா ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சே உருக விடுங்க, 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும், அதாவது 8 பவுண்டுக்கு ரெண்டு நாள். கவுண்டர் மேல வெளிய வச்சுடாதீங்க, வெளிப்பக்கம் கெட்டுப்போக ஆரம்பிச்சாலும் நடுவுல ஐஸாவே இருக்கும்.

சமைக்கற அன்னிக்கு பாக்கெட்ட பிரிச்சதும் எலும்பு வெளிய தெரியற வெட்டுப்பக்கத்த திருப்பிப் பாருங்க. எலும்பு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் வட்டம் ஒட்டி இருக்கும், ஒரு ரூபா காசை விட கொஞ்சம் பெருசு, கண்ணாடி மாதிரி இருக்கறதால சட்டுனு கண்ணுல படாது. முதல் வருஷம் நான் அத கவனிக்காம அப்படியே உள்ள வச்சுட்டேன், ஒரு மணி நேரத்துல வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகுற வாடை, அந்தப் பக்கம் ரெண்டு இஞ்சுக்கு சதைய வெட்டி எறிஞ்சேன், விருந்தாளிங்க வர்ற நேரத்துல கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அதனால விரலால தடவிப் பாத்து எடுத்துடுங்க.

அடுத்தது கீறல். மேல கெட்டித் தோல் இருந்தா அத உரிச்சுட்டு, கொழுப்பு கால் இஞ்ச் மட்டும் இருக்கற மாதிரி விட்டு, தேங்கா பர்ஃபிக்கு வில்லை போடுவோம்ல, அந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமா டைமண்டா கீறுங்க. கத்தி கொழுப்போட நிக்கணும், சதைக்குள்ள இறங்கினா ஜூஸ் எல்லாம் வெளிய வந்துடும். ஒவ்வொரு டைமண்ட் நடுவுலயும் ஒரு கிராம்பு குத்தலாம், பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா வேண்டாம், கடிச்சுட்டு அழுவாங்க, கிளேஸ்ல கிராம்புத்தூள் போட்டுக்கலாம். ஸ்பைரல் கட்னா கீறவே வேண்டாம்.

ஓவன 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வைங்க, செல்சியஸ்ல 160 சொச்சம். ரோஸ்டிங் பேன்ல வெட்டுப்பக்கம் கீழ வர்ற மாதிரி ஹாம உக்கார வச்சு, ஒரு கப் தண்ணியோ ஆப்பிள் ஜூஸோ அடில ஊத்தி, ஃபாயில் போட்டு ஓரமெல்லாம் இறுக்கமா மூடுங்க. இட்லிப் பானை மாதிரி உள்ளயே ஆவி சுத்தணும், ஓட்டை இருந்தா காஞ்சுடும். பாதி ஹாமுக்கு பவுண்டுக்கு 18ல இருந்து 24 நிமிஷம், 8 பவுண்டுன்னா ரெண்டரைல இருந்து மூணு மணி நேரம். ஸ்பைரல்னா பவுண்டுக்கு 10 டு 18 தான். இந்தக் கணக்கு ஒரு திட்டத்துக்குத்தான், ஓவனுக்கு ஓவன் மாறும், அதனால 15 டாலருக்கு ஒரு மீட் தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, எலும்புல படாம சதையோட நடுவுல குத்திப் பாக்கணும். எலும்புல பட்டா தப்பா காட்டும்.

உள்ள வேகற நேரத்துல கிளேஸ். ஒரு கப் பிரவுன் சுகர், கால் கப் தேன், கால் கப் ஆரஞ்சு ஜூஸ், 2 டேபிள்ஸ்பூன் டிஜான் மஸ்டர்ட் (பாட்டில்ல வர்ற கடுகு பேஸ்ட்), 2 டேபிள்ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர், கால் டீஸ்பூன் கிராம்புத்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். உப்பு ஒரு துளி கூட வேண்டாம், ஹாம்லயே நிறைய இருக்கு. மஸ்டர்டும் வினிகரும் கண்டிப்பா போடுங்க, அது இல்லன்னா வெறும் மிட்டாய் தின்ன மாதிரி திகட்டிடும். சின்ன தீயில 6, 7 நிமிஷம் கொதிச்சா போதும், பதம் குலாப் ஜாமூனுக்கு வைக்கற பிசுக்குப் பதம், ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டா பிசுபிசுன்னு ஒட்டணும், கம்பிப் பதத்துக்குப் போனா ஆறினதும் இறுகிடும், பிரஷ்ல வராது. நான் ஒரு வருஷம் பிரவுன் சுகருக்கு பதிலா நாகர்கோவில்ல இருந்து அம்மா குடுத்து விட்ட கருப்பட்டிய தட்டிப் போட்டேன், அந்த வாசனை ஹாமோட புகை வாசனையோட அப்படி சேர்ந்துச்சு, கிடைச்சா போட்டுப் பாருங்க.

இப்ப முக்கியமான இடம். கிளேஸ முதல்லயே தடவிடாதீங்க, சக்கரை மூணு மணி நேரம் தாங்காது, கருகி கசந்துடும். தெர்மாமீட்டர் 120 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினதும் ஹாம வெளிய எடுத்து ஃபாயில கழட்டுங்க, ஓவன 400க்கு ஏத்துங்க, கீறல் இடுக்குல எல்லாம் இறங்கற மாதிரி மூணுல ஒரு பங்கு கிளேஸ தடவி மறுபடி உள்ள வைங்க. 7, 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து இன்னொரு கோட், மொத்தம் மூணு கோட். இந்த அரை மணி நேரம் போன் எடுக்காதீங்க, கிச்சன விட்டு நகராதீங்க. டைமண்ட் ஓரமெல்லாம் விரிஞ்சு, கொழுப்பு குமிழ் குமிழா வெடிச்சு, தேன் கலர்ல இருந்து செம்மண் கலருக்கு மாறும், அங்க நிறுத்தணும், கருப்புப் புள்ளி தெரிஞ்சா அந்த இடத்துல மட்டும் சின்ன ஃபாயில் துண்டு வைங்க. உள்ள 140 டிகிரி, அதாவது 60 செல்சியஸ், வந்தா முடிஞ்சுது.

எடுத்ததும் வெட்டாதீங்க, 15, 20 நிமிஷம் அப்படியே விடுங்க. அப்புறம் எலும்ப ஒட்டி கத்திய நேரா இறக்கி பெரிய துண்டா பிரிச்சுட்டு, நாருக்கு குறுக்கால மெல்லிசா ஸ்லைஸ் போடுங்க. உள்ள ரோஸ் கலரா இருக்கும். வீடியோ கால்ல அம்மா பாத்துட்டு "என்னடி இது, சிவப்பா இருக்கு, வேகவே இல்லையே, பிள்ளைங்களுக்கு குடுத்துடாத"ன்னு பதறிட்டாங்க. ஊற வைக்கற உப்புல நைட்ரைட் இருக்கு, அதுதான் அந்த கலர், எவ்வளவு வெந்தாலும் போகாது. வெந்துச்சான்னு தெர்மாமீட்டர் சொல்லட்டும்.

சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வைங்க, 3, 4 நாள் வரும், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். எலும்ப தயவு செஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க, மறுநாள் அத ஒரு பெரிய பாத்திரத்துல போட்டு, ஊற வச்ச பட்டாணிப் பருப்பு, கேரட், வெங்காயம், ரெண்டு பிரியாணி இலை சேர்த்து ஒன்றரை மணி நேரம் கொதிக்க விட்டா பருப்பு கரைஞ்சு கெட்டியா சூப் வரும், எலும்புல ஒட்டியிருக்கற கறி தானா உதிரும். உப்ப மட்டும் இறக்கற நேரத்துல ருசி பாத்துட்டு போடுங்க, அனேகமா தேவைப்படாது.