உள்நாட்டுப் போர் வீரரின் மனைவி கேட்ட பென்ஷன்: பழைய ஃபைலைத் தேடிப் படிப்பது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) வட மாநிலங்களின் தரப்பான யூனியன் படைக்காகச் சண்டை போட்ட ஒருவரின் மனைவி, அவர் இறந்த பிறகு பென்ஷன் கேட்டு மனுப் போட்டிருந்தால், அந்த மனு இன்றைக்கும் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பென்ஷன் கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். தள்ளுபடியான மனுக்களையும் வைத்திருக்கிறார்கள், சொல்லப்போனால் இழுபறியான மனுக்களின் ஃபைல்தான் தடிமனாக இருக்கும். புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பேரையும் தேதியையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு தாளும் பென்ஷன் அலுவலகம் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு எழுதப்பட்ட பதில். கேள்வி என்னவென்று பிடித்துவிட்டால்தான் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியும்.

முதல் படி: எந்தப் பக்கம், எந்த ரெஜிமென்ட்

அவர் யூனியன் படையா, தென் மாநிலக் கூட்டமைப்புப் படையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 19ஆம் நூற்றாண்டில் மத்திய அரசு யூனியன் தரப்புக்கு மட்டும்தான் பென்ஷன் கொடுத்தது. தென் தரப்பு வீரர்களுக்கும் அவர்கள் மனைவிகளுக்கும் அந்தந்தத் தென் மாநில அரசுகள் பின்னாளில் தனியாகக் கொடுத்தன, அதுவும் வீரர் எங்கே போரிட்டார் என்று பார்த்து அல்ல, மனுப் போடும்போது எங்கே குடியிருந்தார்கள் என்று பார்த்து. ஜார்ஜியா ரெஜிமென்டில் இருந்தவரின் மனைவி டெக்சஸில் வாழ்ந்திருந்தால் டெக்சஸ் மாநில ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். இனி சொல்வதெல்லாம் யூனியன் தரப்புக்கு.

அடுத்தது ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவும், அதற்குள் அவர் இருந்த கம்பெனி என்ற சிறு பிரிவும். தேசியப் பூங்கா சேவையின் போர்வீரர் தரவுத்தளம் இணையத்தில் இலவசம், அதில் பேரைப் போட்டுப் பாருங்கள். ஜான் ஸ்மித் மாதிரிப் பேராக இருந்தால் பக்கம் பக்கமாக வரும், அதைக் கண்டு மலைக்க வேண்டாம். அரசு கொடுத்த கல்லறைக் கல் இருந்தால் அதில் கம்பெனி எழுத்தும் ரெஜிமென்ட் எண்ணும் செதுக்கியிருக்கும். இன்னொரு வழி, 1890இல் யூனியன் வீரர்களையும் அவர்கள் விதவைகளையும் தனியாகக் கணக்கெடுத்த பட்டியல். அந்த வருடத்தின் பொதுக் கணக்கெடுப்பு 1921 தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய மிஞ்சவே இல்லை, ஆனால் இந்தத் தனிப் பட்டியலில் கென்டக்கியின் பாதி முதல் ஆங்கில அகரவரிசையில் அதற்குப் பின்னால் வரும் மாநிலங்கள் தப்பித்திருக்கின்றன. அலபாமா முதல் கன்சாஸ் வரையிலான மாநிலங்கள் என்றால் இந்த வழியை நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: இண்டெக்ஸ் கார்டு

பென்ஷன் ஃபைல்களுக்கு இரண்டு இண்டெக்ஸ்கள் உண்டு. டி288 என்ற மைக்ரோஃபிலிம் வீரர் பேரை வைத்து அடுக்கியது, டி289 ரெஜிமென்ட், கம்பெனி வாரியாக அடுக்கியது. இரண்டும் வம்சாவளித் தளங்களில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. மனைவி பேரில் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், கார்டு வீரர் பேரில்தான் இருக்கும். பேரின் எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருந்தால் டி289இல் அந்தக் கம்பெனியின் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவதே நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் அவரோடு இருந்த மற்றவர்களின் பேரும் கண்ணில் படும், பின்னால் சாட்சிகளாக வரப்போவது அவர்கள்தான்.

கார்டை நிதானமாகப் படியுங்கள். மேலே வீரர் பேர், அதன் கீழே விதவை, மைனர் என்று வாரிசுகளுக்கான வரிகள், அப்புறம் கம்பெனி, ரெஜிமென்ட். அதற்கும் கீழே ஒரு கட்டம்: மனுத் தேதி, யார் போட்டது, மனு எண், சான்றிதழ் எண், எந்த மாநிலத்திலிருந்து. விதவை வரியில் மனு எண் மட்டும் இருந்து சான்றிதழ் எண் காலியாக இருந்தால் பெரும்பாலும் மனு ஏற்கப்படவில்லை என்று பொருள். விதவைக்கு நேராக ஒரு மனு, சில வருடம் கழித்து மைனருக்கு நேராக இன்னொரு மனு என்று இருந்தால், தாய் மறுமணம் செய்திருப்பார் அல்லது இறந்திருப்பார். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக கார்டியன் மனுப் போடுவார். அந்த கார்டியனை நியமித்தது கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றம், ஆகவே அங்கேயும் ஒரு ஃபைல் இருக்கக்கூடும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வீரருக்கு இரண்டு விதவைகள் மனுப் போட்ட கார்டுகளும் உண்டு. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் உங்களுக்கு யோகம்தான், இரண்டு தரப்பும் தோண்டித் துருவி எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் படி: எந்தச் சட்டத்தின் கீழ் கேட்டார்

இதைத்தான் ஆரம்பநிலையில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மனுத் தேதியைச் சட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் ஃபைலில் என்ன இருக்கும் என்பதைத் திறக்கும் முன்பே பாதி ஊகிக்கலாம்.

1862 ஜூலைச் சட்டப்படி கணவர் போரினாலோ படைப் பணியில் வந்த காயம், நோயினாலோ இறந்திருக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர், லெஃப்டினன்ட் கர்னலும் அதற்கு மேலும் என்றால் 30 டாலர். 1866இல் 16 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 2 டாலர் சேர்த்தார்கள், பிள்ளைகளின் பிறந்த தேதிச் சான்றுகள் ஃபைலில் குவிவது அதனால்தான். 1886இல் 8 டாலர் 12 ஆனது.

1890 ஜூன் 27 சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. கணவர் 90 நாள் பணி செய்து படையிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டிருந்தால் போதும், எதனால் இறந்தார் என்பது முக்கியமில்லை. ஆனால் திருமணம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருக்க வேண்டும், தன் அன்றாட உழைப்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்பதை அந்தப் பெண் காட்ட வேண்டும். ஆகவே 1862 சட்ட ஃபைலில் மருத்துவர்களும் கூடப் போரிட்டவர்களும் பேசுவார்கள், 1890 சட்ட ஃபைலில் அக்கம்பக்கத்தார் வந்து வீடு எவ்வளவு பெறும், நிலம் எவ்வளவு, பிள்ளைகள் ஏதாவது கொடுக்கிறார்களா என்று சொல்வார்கள். ஏழ்மையைக் காட்டினால்தான் பணம் என்பதால் சொத்து மதிப்பைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருப்பார்கள், கவுன்ட்டி வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஃபைலை வாங்குவது

விதவைகளின் ஃபைல்களில் ஒரு பகுதி ஃபோல்ட்3 என்ற படைப் பதிவுகளுக்கான இணையதளத்தில் ஸ்கேனாக இருக்கிறது, முதலில் அங்கே சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தின் என்ஏடிஎஃப் 85 படிவத்தில் நகல் கேட்கலாம். தேர்ந்தெடுத்த சில தாள்கள் மட்டும் என்று ஒரு வகை உண்டு, விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். தகராறு, விசாரணை, திருப்பி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதில் விடுபட்டுப்போகலாம். காசு போனாலும் முழு ஃபைலையே கேளுங்கள்.

ஐந்தாம் படி: படிப்பது

வந்த தாள்கள் தேதி வரிசையில் இருக்காது. முதலில் இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள், பிறகு ஒரு அட்டவணை: தேதி, பேசுவது யார், விதவைக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்தக் கேள்விக்குப் பதில். தேதிவாரியாக அடுக்கினால் மனு எங்கே சிக்கியது என்பது தானாகத் தெரியும்.

பெரும்பாலும் சிக்குவது திருமணத்தில். பதிவு இல்லை, பாதிரியார் இறந்துவிட்டார், தேவாலயம் எரிந்துவிட்டது என்றால் திருமணத்தைப் பார்த்த இருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். இருவரில் யாருக்காவது முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தால் அது எப்படி முடிந்தது என்பதையும் காட்ட வேண்டும். குடும்ப பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதிய பக்கத்தைக் கிழித்தே அனுப்பியவர்கள் உண்டு, அந்தப் பக்கம் இன்னும் ஃபைலில் இருக்கும். அப்படிப் பக்கம் கிடைத்தால் மையைப் பாருங்கள்: பத்து வருடத்துப் பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது, ஒவ்வொரு பிறப்பின்போதும் எழுதியது அல்ல.

வாக்குமூலங்களிலும் இதே கண் வேண்டும். எழுதியது பெரும்பாலும் வக்கீலோ குமாஸ்தாவோ, சாட்சி கீழே கையெழுத்தோ ஒரு எக்ஸ் குறியோ போட்டிருப்பார். இரண்டு அண்டை வீட்டார் வரிக்கு வரி ஒரே மாதிரி சொன்னால் அது இரண்டு சாட்சி அல்ல, ஒன்றுதான். தேதி எப்படி ஞாபகம் என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி, தன் பிள்ளையும் அதே மாதம் பிறந்தது என்று சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம்.

கறுப்பின வீரர்களின் விதவைகள் விஷயம் தனி. அடிமைகளின் திருமணத்தை எந்தச் சட்டமும் ஏற்கவில்லை, பதிவும் கிடையாது. 1864இல் வந்த சட்டம், கணவர் படையில் சேரும் முன் இரண்டு வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகள் சொன்னால் போதும் என்றது. அதனால் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், யார் சொந்தக்காரர், யார் விற்கப்பட்டார், விடுதலைக்குப் பிறகு பேர் எப்படி மாறியது என்பதெல்லாம் இந்த ஃபைல்களில் வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தை 1865க்கு முன்னால் தேட இதைவிட நல்ல இடம் அதிகம் கிடையாது.

சந்தேகம் வந்தால் அலுவலகம் சிறப்பு விசாரணை அதிகாரியை ஊருக்கே அனுப்பும். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு, சொல்வதை 'நான்' என்று அவரே பேசுவது போல எழுதி, ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு அடுக்குவார். 1882 சட்டப்படி விதவை வெளிப்படையாக வேறொருவரோடு வாழ்ந்தால் பென்ஷன் ரத்து. எனவே இந்த விசாரணைகளில் ஊர் வம்பு ஏராளம். யார் யாருக்குப் பகை என்று தெரியாமல் அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், அந்தப் பெண்ணால் இன்றைக்கு வந்து பதில் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு தாள்: பென்ஷன் பட்டியலிலிருந்து பேரை நீக்கிய அறிக்கை. கடைசியாக எந்தத் தேதி வரை பணம் கொடுத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று அதில் இருக்கும். காரணம் மரணம் என்றால் அந்தக் கடைசித் தேதியை ஒட்டிய மூன்று மாதத்துக்குள் அந்தக் கவுன்ட்டியின் மரணப் பதிவையும் உள்ளூர்ச் செய்தித்தாளையும் பாருங்கள். தாள் விடுபட்டிருந்தால் 1907 முதல் 1933 வரையிலான பென்ஷன் பட்டுவாடா கார்டுகளில் தேடலாம், அவை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இருக்கின்றன.