முதலில் கண்ணாடி, பிறகு கதகதப்பு: குளிர்காலத்தில் காரின் ஏ.சி.யும் ஹீட்டரும்

வெயில் ஊரில் கார் ஓட்டிப் பழகியவர்கள் குளிர்நாட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். இனி எதற்கு என்று ஏ.சி. பொத்தானை அணைத்துவிடுகிறார்கள். வெளியே இருக்கும் குளிர்காற்று உள்ளே வரக்கூடாது என்று, காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இரண்டும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நான்கு பேர் ஏறி உட்கார்ந்து சிறிது தூரம் போவதற்குள் முன்கண்ணாடி வெளுத்து, எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரியாமல் போய்விடும். கையால் துடைப்பார்கள், மறுநிமிடம் மீண்டும் மூடிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் இப்படி நேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிரைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளலாம். கண் தெரியாமல் ஒரு நொடிகூட ஓட்ட முடியாது. ஆகவே டாஷ்போர்டில் இருக்கும் இந்தப் பொத்தான்கள் எல்லாம் முதலில் உங்கள் பார்வைக்காக, அப்புறம்தான் உடம்புக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை எப்போது அழுத்துவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. ஓடும் என்ஜினின் சூட்டைத் தணிக்கக் கூலன்ட் என்னும் திரவம் அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சூடேறிய என்ஜினில் அந்தத் திரவம் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதில் ஒரு பகுதி டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் விசிறி காற்றை ஊதினால் அதுதான் உங்களுக்கு வரும் சூடான காற்று. வீணாகப் போக வேண்டிய வெப்பத்தைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். எனவே ஹீட்டர் போட்டால் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்று பயந்து நடுங்கிக்கொண்டே ஓட்ட வேண்டாம்.

என்ஜின் சூடேறாமல் ஹீட்டர் சூடேறாது. காரைக் கிளப்பிய உடனே விசிறியை முழு வேகத்தில் வைத்தால் முகத்தில் அடிப்பது குளிர்காற்றுதான். வெப்பமானியின் முள் கொஞ்சம் மேலே ஏறும்வரை விசிறி மெதுவாக, முன்கண்ணாடியை நோக்கி ஊதிக்கொண்டிருக்கட்டும். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். நீங்கள் விரும்பும் வெப்பநிலையை எண்ணில் குறித்துவிட்டு ஆட்டோவில் விடும் வசதி இருந்தால், பல கார்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். அப்போது 21 அல்லது 22 டிகிரியில் வைத்தால் போதும். 30 என்று வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடாது. இலக்கைத் தாண்டியும் சூடேறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அளவு ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 70 முதல் 72 வரை. அதற்கு மேல் போனால் நீண்ட பயணத்தில் ஓட்டுநருக்குத் தூக்கம் தட்டும்.

காரை நிறுத்திய இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கத்தை அக்கம்பக்கத்தில் பார்ப்பீர்கள். இன்றைய என்ஜின்களுக்கு அது தேவையில்லை. சும்மா நிற்கும் என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். கண்ணாடிகள் சுத்தமாக இருந்தால், கிளப்பி அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மிதமான வேகத்தில் ஓட்டத் தொடங்குங்கள். அப்போதுதான் என்ஜினும் சீக்கிரம் சூடேறும், ஹீட்டரும் வேலை செய்யும். காரை வெறுமனே ஓடவிடுவதற்குப் பல ஊர்களில் அபராதம் உண்டு. சாவியை உள்ளேயே விட்டு, கார் ஓடிக்கொண்டிருக்க வீட்டுக்குள் போவது திருடனுக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். அப்படித் திருட்டுப்போனால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் சிக்கலாகலாம். மைனஸ் 20 டிகிரி போன்ற கடுங்குளிர் உள்ள ஊர்களில், இரவில் மின்சாரத்தால் என்ஜினை வெதுவெதுப்பாக வைக்கும் பிளாக் ஹீட்டரைப் பொருத்தியிருப்பார்கள். பழைய கார் வாங்கும்போது முன்பக்கக் கிரில்லில் ஒரு மின்பிளக் தொங்கினால் அது இதற்காகத்தான்.

குளிரில் எதற்கு ஏ.சி.?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான் கார்க் கண்ணாடியும் வியர்க்கிறது. வெளிக்குளிரால் கண்ணாடி சில்லிட்டிருக்கிறது. உள்ளே நம் மூச்சு, ஈரக் கோட்டு, காலணியில் ஒட்டி வந்து உருகும் பனி எல்லாம் சேர்ந்து காற்றை ஈரமாக்குகின்றன. அந்த ஈரக்காற்று சில்லிட்ட கண்ணாடியைத் தொட்டதும் நீர்த்திவலையாகப் படிகிறது. ஆகவே காற்றைச் சூடாக்கினால் மட்டும் போதாது, உலர்த்தவும் வேண்டும்.

ஏ.சி. செய்வது அதைத்தான். காற்று முதலில் குளிர்ந்த குழாய்களின் மேல் படுகிறது. அதிலுள்ள ஈரம் அங்கேயே நீராகப் படிந்து காருக்கு அடியில் சொட்டிவிடுகிறது. உலர்ந்த அந்தக் காற்று அடுத்து ஹீட்டர் வழியாகச் சென்று சூடாகி உங்களிடம் வருகிறது. ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், செய்ய வேண்டும். வெப்பநிலைக் குமிழ் சிவப்புப் பக்கம் இருக்கும்வரை ஏ.சி. போட்டதால் உங்களுக்குக் குளிராது.

மழைத் தூறலும் ஐந்து, பத்து டிகிரிக் குளிருமாக இருக்கும் நாட்களில்தான் இது மிகவும் தேவைப்படும். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் வேளை அது. வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கினால் பெரும்பாலான கார்களில் ஏ.சி.யின் கம்ப்ரஸர் ஓடாது. பொத்தானில் விளக்கு எரிந்தாலும் ஓடாது. குழாய்களில் ஐஸ் கட்டாமல் இருப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

அப்போது கண்ணாடியை யார் காப்பாற்றுவது? வெளிக்காற்றுதான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. உறைகுளிர்க் காற்று எவ்வளவு ஈரமாகத் தோன்றினாலும், அதை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு உலர்ந்த காற்று இலவசமாக வெளியே காத்திருக்க, அதை மறித்துவிட்டு நம் மூச்சையே சுழலவிடுவதில் பொருளில்லை. அதனால்தான் உள்சுழற்சிப் பொத்தான்மீது எனக்கு இவ்வளவு எச்சரிக்கை. சுரங்கப்பாதையிலோ புகை கக்கும் லாரிக்குப் பின்னாலோ மாட்டிக்கொண்டால் சில நிமிடங்களுக்கு அதை அழுத்துங்கள், உடனே எடுத்துவிடுங்கள். கதவெல்லாம் அடைத்த காரில் வெகுநேரம் உள்சுழற்சியிலேயே ஓட்டினால் கரியமில வாயு கூடி மந்தமும் உறக்கமும் வரும்.

பொத்தான்களின் படங்களை ஒருமுறை பார்த்துப் பழகிக்கொண்டால் போதும். மேற்புறம் வளைந்த விசிறி வடிவத்துக்குள் நெளிந்த அம்புகள் இருந்தால் முன்கண்ணாடி. செவ்வகத்துக்குள் இருந்தால் பின்கண்ணாடி. கார் படத்துக்குள் வளைந்து திரும்பும் அம்பு இருந்தால் உள்சுழற்சி. ஓடும் வழியில் திடீரென்று ஆவி படிந்தால் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் அந்த ஒரே பொத்தான் காற்றை மேலே திருப்பி, வெளிக்காற்றைத் திறந்து, ஏ.சி.யையும் போட்டுவிடும். விசிறியையும் சூட்டையும் கூட்டி, பக்கவாட்டுக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்குங்கள். ஓரிரு நிமிடங்களில் தெளியும். தெளியவில்லை என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஒரு ஓட்டை அளவுக்குத் துடைத்து எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.

பின்கண்ணாடியில் இருக்கும் மெல்லிய கோடுகள் மின்கம்பிகள். பொத்தானைப் போட்டால் அவை சூடாகி, சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். பல கார்களில் பக்கவாட்டு ஆடிகளும் இதோடு சேர்ந்தே சூடாகும். அந்தக் கோடுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உட்பக்கம் சுரண்டாதீர்கள். ஒரு கம்பி அறுந்தால் அந்த வரி அப்படியே மூடிக் கிடக்கும்.

ஈரத்தை உள்ளே சேர்க்காமல் இருப்பதும் பாதி வெற்றி. ஏறுமுன் காலணிகளை ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதறுங்கள். ஓரம் உயர்ந்த ரப்பர் மிதியடி போட்டு, தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டுங்கள். வீடு வந்து சேர்ந்ததும் கதவுகளை அரை நிமிடம் திறந்து வைத்து உள்ளிருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றை வெளியேற்றினால், மறுநாள் காலை கண்ணாடியின் உட்புறம் உறைபனி படிவது குறையும். கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் படலமும் ஆவியைப் பிடித்துவைக்கும். மாதம் ஒருமுறையாவது நன்றாகத் துடையுங்கள். விசிறியின் வேகம் குறைந்ததுபோல் தோன்றினால், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அதை நாமே மாற்றிவிடலாம்.

காலையில் கார் பனிக்குள் இருந்தால்

முதலில் போக வேண்டிய இடம் காரின் பின்புறம். சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றாமல் என்ஜினைக் கிளப்பக் கூடாது. குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும். நிறமில்லை, மணமில்லை, தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். அப்பா பனியை அள்ளிக்கொண்டிருக்க, கதகதப்பாக இருக்கட்டும் என்று குழந்தைகளை ஓடும் காருக்குள் உட்காரவைக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கராஜுக்குள்ளும் காரை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும்கூட.

அடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துளைகள். வெளிக்காற்று அங்கிருந்துதான் உள்ளே வருகிறது. அங்கே பனி அடைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் போடும்போது மொத்தமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும், அல்லது பின்னால் வருபவர்மேல் போய் விழும்.

கண்ணாடியில் ஐஸ் இறுகியிருந்தால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும். வைப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், முன்கண்ணாடிக்கு ஊதும் சூட்டில் இளகும்வரை விடுங்கள். முந்தைய இரவே வைப்பரை அணைத்துவிட்டு இறங்குவது நல்லது, இல்லையேல் காலையில் உறைந்த நிலையிலேயே ஓடப் பார்த்து மோட்டார் கெடும். கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றாமல் குளிர்காலத்துக்கென்று விற்கும் திரவத்தையே ஊற்றுங்கள். அது நச்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

குழந்தைகளின் இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த பஞ்சுக் கோட்டோடு குழந்தையை வார்ப்பட்டியில் மாட்டினால் பட்டி இறுகியதுபோல் தெரியும். மோதலில் கோட்டு அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் மாட்டி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

மின்சார காரில் கணக்கு வேறு. அங்கே வீணாகும் என்ஜின் சூடு இல்லை. கதகதப்பு முழுவதும் பேட்டரியிலிருந்தே வருவதால் போகும் தூரம் குறையும். சார்ஜ் கம்பி மாட்டியிருக்கும்போதே காரை முன்கூட்டிச் சூடாக்குங்கள். ஓடும்போது காருக்குள் உள்ள காற்று முழுவதையும் கொதிக்கவைக்காமல் இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் சூடாக்கினால் மிகக் குறைந்த மின்சாரத்தில் உடம்பு சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சிக்கனத்தில் முன்கண்ணாடிக்குப் போகும் காற்றை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஹைப்ரிட் கார் நிற்கும்போதும் என்ஜின் அடிக்கடி ஓடினால் கவலை வேண்டாம், ஹீட்டருக்காகத்தான் ஓடுகிறது.

பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டியும் சூடு வரவில்லையா? வெப்பமானி முள்ளைப் பாருங்கள். அது மேலே ஏறவே இல்லை என்றால், கூலன்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பான் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பெரிய செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய பழுது. காருக்குள் இனிப்பான வாடை, முன்கண்ணாடியில் துடைக்கத் துடைக்க வரும் பிசுபிசுப்பு, முன்னிருக்கைப் பக்கம் தரைவிரிப்பில் ஈரம் என்று தென்பட்டால் ஹீட்டரின் சிறிய ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பொருள். குறைந்த கூலன்டை நிரப்பும்போது வெறும் தண்ணீர் கூடாது, உறைந்து என்ஜினையே பிளந்துவிடும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. முள் ஏறிக்கொண்டே போய், ஹீட்டரில் மட்டும் குளிர்காற்று வருகிறது என்றால் கூலன்ட் காலியாகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்; சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் உதவிக்கு அழையுங்கள்.